பதினோரு குளவிகள்

அவள் வண்டிகளுக்கு எண் பலகை எழுதுகிறவள். பதினாறு வருஷமாக அதுதான் பிழைப்பு. அவள் எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், வாய்தான் கொட்டும். அதனால் கடைக்கு மேல்மாடியிலிருந்த பில்லியர்ட்ஸ் கூடத்தில் எல்லோரும் அவளைக் 'குளவி' என்றே கூப்பிட்டார்கள். முதலில் எரிச்சல் வந்தது. பிறகு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்தப் பெயரையே, தான் அங்கே பந்தடிக்கும் கோலில் வரைந்துகொண்டாள்.

கைப்பிடியை உப்புத்தாளால் தேய்த்துக் கறுப்பு அடித்தாள். அதன்மேல் மஞ்சள் குளவிகள், ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி மேலேறுவது போல. தட்டைத் தகரத்தில் எழுதிப் பழகிய கைக்கு உருண்டை மரம் பிடிகொடுக்கவில்லை. இடக்கையால் கோலை உருட்டிக்கொண்டே, மூச்சை அடக்கி, பிரஷ்ஷை அசையாமல் பிடிக்க வேண்டும். மதியம் கடை ஓய்ந்த நேரங்களில் இரண்டு மாதம் உட்கார்ந்தாள். கடைசியில் நாலு பூச்சு வார்னிஷ்.

அடுத்த வாரமே காய்ச்சலில் விழுந்தாள். "எழுதி வெச்ச பலகையெல்லாம் நான் எடுத்துக் குடுத்துடறேன், நீ படு" என்று அண்ணன் கடைச் சாவியை வாங்கிப்போனான். ஒரு கிடங்கில் வேலை செய்கிறவன். தங்கைமேல் திடீரென்று பாசம் பொங்கியதில் அவளுக்கே ஆச்சரியம்தான்.

எழுந்து வந்து பார்த்தால் கோல் இல்லை.

"எங்கயாவது வெச்சிருப்ப. நல்லாத் தேடு" என்றான் அண்ணன்.

பெயிண்ட் டப்பாக்கள், தகரக் கட்டுகள் எல்லாவற்றையும் தெருவில் இறக்கித் தேடினாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாடிக்குப் போனாள். அண்ணனுடைய மேலாளர் நாலு பேர் நடுவில் நின்று, அவளுடைய கோலைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அண்ணன், பல்லெல்லாம் தெரிய.

"எனக்காகவே சொல்லி செய்யவெச்சிருக்கார்" என்று மேலாளர் அண்ணன் தோளைத் தட்டினார்.

அவள் நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"சார், இது என்னோட ஸ்டிக். நான் வரைஞ்சது."

"காய்ச்சல்ல உளறுறா சார்" என்று அண்ணன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள்.

"உளறுறேனா? சரி, திரும்பி நில்லு. இதுல எத்தனை குளவின்னு சொல்லு பாப்போம்!"

அண்ணன் திரும்பி நின்றான். "ஒரு... எட்டு இருக்கும்."

"பதினொண்ணு சார். எண்ணிப் பாருங்க. மேலேர்ந்து மூணாவதுக்கு ஒரு றெக்கை சின்னது. பிரஷ் முடி ஒட்டிக்கிச்சு, சுரண்டி எடுத்தேன். ரெண்டு மாசம் கழுத்து ஒடிய வரைஞ்சது. இவன் என் கடையில புகுந்து எடுத்துட்டு, என்னையே தேடச் சொன்னான்!"

மேலாளர் எண்ணினார். மூன்றாவதைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு கோலை அவளிடம் நீட்டிவிட்டு, அண்ணனைப் பார்க்காமலே படியிறங்கினார்.

"நாலு பேர் முன்னாடி மானத்த வாங்கிட்டியே! கேட்டிருந்தா வேற ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்க மாட்டேனா?" என்றான் அண்ணன்.

"நீ கேட்டியாடா?" என்றாள். பிறந்ததிலிருந்து அவனை 'டா' போட்டதில்லை.

மறுநாள் அண்ணி போன் செய்தாள். "அவர் சாப்பிடவே இல்ல. நீதான் கொஞ்சம் விட்டுக்குடுத்துப் போயேன்."

"பசிச்சா சாப்பிடுவார் அண்ணி. நீங்க சாப்பிடுங்க."

கடைக்குப் புதுப் பூட்டு வாங்கினாள். மாடிக்குப் போய் ஆட்டத்தில் இறங்கினாள். வெற்றி அடைந்தவளைப் போல ஆடினாள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பந்து குழியின் வாயிலேயே நின்றிருந்தும் தவறவிட்டாள். இன்னொன்றையும் தவறவிட்டாள். அண்ணன்மேல் இருந்த கோபம் இன்னும் கையைவிட்டு இறங்கவில்லை.