சத்தம் போடாத மனிதர்

என் கணவர் குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், சத்தம் போட மாட்டார். இந்த மூன்றையும் சொல்லிச் சொல்லியே எல்லோரும் என் வாயை அடைத்தார்கள். அம்மா விருதுநகரிலிருந்து போனில் அடைத்தாள். அவருடைய அக்கா பஸ் ஏறி வந்து நேரில் அடைத்தார். நல்ல மனிதருக்கு வாக்கப்பட்டவளுக்கு நெஞ்சு படபடக்கக் கூடாது என்று எங்கேயோ சட்டம் போட்டிருக்கிறார்கள் போல.

அவர் கேள்வி கேட்பார். அவ்வளவுதான் அவர் செய்வது. ஓசூரில் கியர் செய்யும் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அங்கே ஒரு பாகம் பழுதாகித் திரும்பி வந்தால் ஐந்து தடவை ‘ஏன்’ கேட்பார்கள். ஒரு பதிலுக்கு அடியில் இன்னொரு ஏன், அதற்கு அடியில் இன்னொன்று என்று தோண்டிக்கொண்டே போனால் ஐந்தாவதில் மூல காரணம் கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. நானும் ஃபேக்டரிக்காரிதான். வேறொரு கம்பெனியில், வயரிங் லைனில் சோதித்து அனுப்புகிற வேலை. எங்கே தொடங்கினாலும் ஐந்தாவது ஏன் மெஷின் முன்னால் நிற்கிறவர் தலையில்தான் விடியும் என்று எனக்குத் தெரியும். ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதி, அவரைக் கூப்பிட்டு ஒரு வகுப்பு எடுத்து, விஷயத்தை மூடிவிடுவார்கள்.

இந்த வித்தையை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஏன் பால் பொங்கியது? போனில் பேசிக்கொண்டிருந்தேன். ஏன் அந்த நேரத்தில் பேசினாய்? அம்மா கூப்பிட்டாள். ஏன் உன் அம்மாவுக்கு நேரம் காலம் தெரியவில்லை? குரல் கொஞ்சமும் ஏறாது. அடுக்களை வாசலில் கைகட்டி நின்றுகொண்டு கேட்பார். அடுப்பில் சிந்திய ரெண்டு ஸ்பூன் பாலில் தொடங்கி என்னை வளர்த்த லட்சணம் வரைக்கும் போய்விட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அதன்பின் நன்றாகச் சாப்பிடுவார். எனக்குத்தான் சோறு இறங்காது.

படபடப்பைக் காட்டப் போய், இதயத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஏதாவது இருந்திருந்தால் மாத்திரை கொடுத்திருப்பார்கள். யாரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள் என்று சொல்லி அனுப்பினார். நானும் அதைத்தான் கேட்டேன். என் கணவரைக் கண்டால் எனக்குப் பயம் என்று அவர் காதில் விழாமல் ஒரே ஓர் ஆளிடம் சொல்ல வேண்டும். உலகத்து ஆட்களெல்லாம் பிழைக்க வந்து குவிந்த ஊரில் அந்த ஓர் ஆளுக்காக நான் பட்ட பாடு நாய் படாது.

எங்கள் கம்பெனியில் மன அழுத்தம் பற்றி ஒரு கூட்டம் வைத்தார்கள். ஆளுக்கொரு பலூன் கொடுத்து, கவலையை அதன்மேல் எழுதி உடைக்கச் சொன்னார்கள். நான் ‘வீடு’ என்று எழுதினேன். பக்கத்தில் இருந்த பெண் ‘நைட் ஷிஃப்ட்’ என்று எழுதினாள். டப்பென்று உடைத்துக் கைதட்டினோம். அன்றைக்கு அவளுக்கு நைட் ஷிஃப்ட். கூட்டம் நடத்திய கவுன்சிலரிடம் தனியாகப் பேச விரும்புகிறவர்கள் வரலாம் என்று சொன்னதை நம்பி நான் போனேன். உட்காரவைத்த இடம் மீட்டிங் நடக்கும் கண்ணாடி அறை. டீக்கு வரிசையில் நின்றவர்கள் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்கள். தூக்கம் சரியில்லை, வீட்டில் கொஞ்சம் சரியில்லை என்று மட்டும் சொல்லி எழுந்து வந்தேன். மறுநாள் சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்து, வீட்டுப் பிரச்சினையை லைனுக்குக் கொண்டுவராதே என்று அறிவுரை சொன்னார். ரகசியம் காப்போம் என்று அந்த அறைக் கதவிலேயே ஒட்டியிருந்தது.

பிறகு போனிலேயே கவுன்சிலிங் கொடுக்கும் ஓர் ஆப். தமிழ் தெரிந்த கவுன்சிலர் கிடைத்தார், பெங்களூரில் இருக்கும் ஒரு பெண். பேசத்தான் இடம் கிடைக்கவில்லை. நாங்கள் இருப்பது ஜூஜுவாடியில், வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டு குக்கர் விசிலை எண்ணி நாம் அடுப்பை அணைக்கலாம், அப்படிப்பட்ட சுவர். அதனால் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினேன். கீழே ஹைவேயில் லாரிகள் ஹார்னை அமுக்கிக்கொண்டு கர்நாடகாவுக்குப் போகின்றன. கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்கிறார் அந்தப் பெண். புருஷனைக் கண்டால் பயம் என்பதை மாடியில் நின்று எவ்வளவு உரக்கத்தான் சொல்ல முடியும்? படபடப்பு என்று மட்டும் சொன்னேன். மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தார். மூச்சு விட எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்.

அந்த ஆப்பை என் கணவர் என் போனில் பார்த்துவிட்டார். வழக்கம்போல ஏன், ஏன் என்று போய், கடைசியில் பெருந்தன்மையாக, “நானும் வர்றேன். சேர்ந்தே பாத்து முடிச்சிருவோம்” என்றார். பாகலூர் ரோட்டில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த ஒரு கவுன்சிலரை அவரே பிடித்தார். புது போன் வாங்குவதைப் போல நூறு விமர்சனம் படித்துத் தேர்வு செய்தார்.

அந்தக் கவுன்சிலரின் அறையில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. என்னம்மா பிரச்சினை என்று அவர் என்னைக் கேட்டு முடிப்பதற்குள் என் கணவர் எழுந்து மார்க்கரைக் கையில் எடுத்துவிட்டார். படபடப்பு என்று மேலே எழுதி, அம்புக்குறி போட்டு, ஏன் என்று எழுதினார். தூக்கமில்லை. ஏன்? யோசித்துக்கொண்டே படுக்கிறாள். இப்படியே இறங்கி ஐந்தாவதில் வந்து நின்றது: எல்லாவற்றையும் மனதில் போட்டுக்கொள்கிறாள். ஆபரேட்டர் கவனக்குறைவு! எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. கவுன்சிலரோ, இவ்வளவு தெளிவான கணவரைத் தாம் பார்த்ததில்லை என்று மனதாரப் பாராட்டினார். பலகையைப் போனில் படம்கூட எடுத்துக்கொண்டார்.

நான் தனியாகப் பேச வேண்டும் என்றேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒளிவு மறைவு எதற்கு என்றார் கவுன்சிலர். சரி, படபடப்பு எந்த நேரத்தில் தொடங்குகிறது, அதையாவது சொல்லுங்கள் என்றார். என் கணவர் பக்கத்திலேயே முழங்கை உரச உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பாதியையாவது சொல்லித் தொலைப்போம் என்று வாயைத் திறந்தேன்.

“இவங்க பைக் தெருமுனையில திரும்புற சத்தம் கேட்டா ஆரம்பிச்சிரும்” என்றேன்.

ஹைவேயில் ஆயிரம் வண்டி போனாலும் அந்த ஒரு பைக் எனக்குத் தனியாகக் கேட்கும். பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும், பைக்குக்கு யாராவது பயப்படுவார்களா? அறையில் இருந்த இரண்டு படித்தவர்களுக்கும் புரியவில்லை. என் கணவர் முகம் மலர்ந்துவிட்டது. ‘சத்தம்’ என்று பலகையில் எழுதி வட்டம் போட்டார்.

மறுநாளிலிருந்து தெருமுனையில் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெட்ரோல் தீர்ந்துபோச்சா என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், வீட்டில் அவளுக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொறுமையாக விளக்கினார். முன்பெல்லாம் சத்தம் கேட்டதும் அடுப்பைத் துடைப்பேன், போனை ஓரம் வைப்பேன், முகத்தைச் சரிசெய்துகொள்வேன். இப்போது திரும்பிப் பார்த்தால் அடுக்களை வாசலில் கைகட்டி நிற்கிறார். எப்போது வருவார் என்று தெரியாததால், நான் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்தே நெஞ்சு அடிக்கத் தொடங்கியது.

தள்ளுவது தற்காலிக ஏற்பாடுதானாம். நிரந்தரத் தீர்வு என்று எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுத்தார். பெண்டாட்டிக்காக வண்டியையே மாற்றிய மனிதர் என்று அவருடைய அக்கா போனில் உருகினார். உனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்றாள் என் அம்மா. வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வரிசை வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரு முனகல்கூட இல்லை.

“கேக்குதா? ஒண்ணுமே கேக்கலல்ல?” என்றார் என்னைப் பார்த்து. அவர் முகத்தில் இருந்தது உண்மையான சந்தோஷம். அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

“நான் வண்டிக்குப் பயப்படலங்க. உங்களுக்குத்தான் பயப்படுறேன்” என்றேன்.

கண்ணாடி அறையிலும் மொட்டைமாடியிலும் பேக்கரிக்கு மேலே இருந்த அறையிலும் வராத குரல், தெருவில் எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது. கற்பூரத் தட்டு வைத்திருந்த பெண் அப்படியே நின்றாள். அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. என் பக்கம் குனிந்து, எப்போதும் போல மெல்லிய குரலில் பேசினார்.

“எல்லாரும் பாக்குறாங்க. ஏறு.”

“பாக்கட்டும்” என்றேன். ஏறவில்லை.