விரல் வைத்து வாசித்தவர்

இன்று நான் நன்றியோடு நினைக்கும் ஒரு பெண்ணை, ஒருநாள் பிள்ளைகள் முன்னால் அவமானப்படுத்தினேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் வாழையிலை விற்பவர். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் சிலர் சிறுபிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்புக்கு, தானும் சொல்லித்தருகிறேன் என்று தானாகவே வந்தார். வாழைக்கறை படிந்த விரலை எழுத்தின்கீழ் வைத்து, திக்கித் திக்கி வாசிப்பார்.

"முதல்ல நீங்க கத்துக்கிட்டு வாங்கம்மா" என்றேன். அவர் வருவதை நிறுத்தினார். அவரோடு சத்தமாக வாசித்த பிள்ளைகள் என்னிடம் வாசிக்க வாய் திறக்கவில்லை.

சத்திரம் பேருந்து நிலையத்துக்கே போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க வாசிச்சா புள்ளைங்க சும்மா கேட்டுக்கிட்டு இருக்கும் சார். நான் தடுமாறுனா அதுங்க சொல்லிக் குடுக்கும். நீங்களும் கொஞ்சம் தடுமாறிப் பாருங்களேன்" என்று சிரித்தார்.

மறுநாள் வந்தார். அவர் அருகில் அமர்ந்து நானும் விரல் வைத்து, வேண்டுமென்றே தடுமாறினேன். அதுவரை பேசாத சிறுமி ஒருத்தி, "அது இல்ல தாத்தா" என்று என் விரலைப் பிடித்து நகர்த்தி, அந்த வரி முழுவதையும் வாசித்தாள்.