ஏழாம் மாதத்தில் எழுதிய தாள்

முதல் பிரசவத்துக்குப் பிறகு என் மனம் கலங்கியபோது, மாமியார் என்னை இருபது நாள் ஜெபவீட்டில் வைத்திருந்தார். டாக்டரைப் பார்த்தது அதற்கப்புறம்தான். இப்போது மறுபடியும் கர்ப்பம், ஏழு மாதம்.

திரும்பவும் அப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று இன்று எழுதிவைத்தேன். "தூக்கம் போனால் உடனே ஆஸ்பத்திரி. எனக்காக முடிவெடுப்பவள் என் தங்கை."

சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்து வீட்டு லீலாக்காவைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, நல்லாத்தானே இருக்க? பொறவு என்னத்துக்கு இது?"

"நல்லா இருக்கும்போ தானேக்கா எழுத முடியும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஒரு மணி நேரத்தில் சபை வாட்ஸ்அப் குழுவில் அவருடைய ஜெப விண்ணப்பம்: "நம்ம ஷைனிக்கு மனசு சரியில்ல, எல்லாரும் ஜெபியுங்க."

முதல் ஆமென் மாமியாருடையது.

யாராவது சொல்லுங்கள், அந்தத் தாளை நான் எங்கே வைப்பது? எங்கள் வீட்டு பீரோ சாவி மாமியார் இடுப்பில் இருக்கிறது.