மொண்ணைக் கோடாலியும் ஒரு கைரேகையும்

பென்ஷன் தொடர்ந்து வர, நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு நேரில் போய் நிற்பது போதாது, கட்டைவிரலும் வேண்டும். கோர்ட்டில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு நடைமுறையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. போன வாரம் கள்ளக்குறிச்சி இ-சேவை மையத்தில் விரலை வைத்தேன். அங்கிருந்த பெண் ஒரு தாளை நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்க மேடம்."

"இன்னாம்மா எழுதியிருக்குது?"

"எல்லாருக்கும் ஒரே மேட்டர்தாங்க."

இதே வார்த்தையை முன்பு வேறொருவர் வாயால் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் விரல் வைத்தால் மை ஒட்டும். ஸ்டாம்ப் பேட் மையும் கார்பன் தாளும் கலந்த அந்த வாசனைதான் என் முதல் வேலையின் வாசனை. பி.ஏ. முடித்து, தட்டச்சில் ஹையரும் தேறி, தியாகதுருகத்திலிருந்து தினமும் வந்து ஒரு வக்கீல் ஆபீசில் உட்கார்ந்தேன். முந்தானை நீலம், விரல் நீலம், சில நாள் மூக்கு நுனியும் நீலம்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லாத நாளில் சேலையோடு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கிளைகளைத் தாண்டியிருக்கிறேன். அதற்கு எந்தத் தட்டச்சுத் தேர்விலும் மதிப்பெண் கிடையாது.

கைதானவர்களின் வீட்டார் ஆபீஸ் வாசலில் குவிந்தார்கள். எங்கள் குமாஸ்தா ஒரு மாதிரி ஜாமீன் மனு வைத்திருந்தார். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும். மற்றபடி மனுதாரர் சம்பவத்தன்று வீட்டிலேயே இருந்தார். எங்கள் மனுக்களை நம்பினால் அன்று சுற்றுவட்டாரமே வீட்டில் உட்கார்ந்திருந்தது. மரங்கள் தாமாகவே படுத்துக்கொண்டன.

கரியாலூர்ப் பக்கத்து மலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். சாலையில் கோடாலியோடு நின்ற புருஷனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. ஜாமீன் மனுவுக்குப் பிரமாணப் பத்திரம் கட்டாயமில்லை. ஆனாலும் எங்கள் வக்கீல் வீட்டாரிடம் ஒன்று வாங்கி வைப்பார். அதன் அடியில், 'படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டு கைரேகை வைத்தார்' என்று ஒரு வரி. அடித்தவள் நான். படித்துக் காட்டியது யார்? ஆங்கிலத்தில் அடித்ததைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

"எல்லாத்துக்கும் ஒரே மேட்டர்தாம்மா!" என்றார் குமாஸ்தா. "வெரல வாங்கினு அனுப்பாம காலட்சேபம் பண்ணிக்கினு இருக்கியே!"

'அன்று வீட்டிலேயே இருந்தார்' என்ற இடத்தில் அவள் மை தடவிய விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வூட்ல எங்கம்மா இருந்தாரு? எங்கூடத்தான் சந்தைக்கி பஸ்ல வந்தாரு. கோடாலி மொண்ணயாயிடுச்சு, தட்டி வாங்கலாம்னு எடுத்துக்கினு வந்தாரு. மரம் குறுக்கால கெடந்துச்சு. கண்டக்டருதான், 'கோடாலிய வச்சிக்கினு இன்னாய்யா வேடிக்க பாக்குற, எறங்கி வெட்டி ஒதுக்கு'ன்னாரு. வெட்டிக்கினு இருக்கறப்பவே போலீசு வந்துடுச்சு."

சாய்த்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். ஒதுக்கியவர் உள்ளே இருந்தார். வீட்டில் இருந்தார் என்று மனு போயிருந்தால், அது பொய் என்று காட்டப் போலீசுக்கு அந்தக் கோடாலி ஒன்றே போதும். வெளியே வர வழியே இருந்திருக்காது.

தாளை வக்கீலிடம் கொண்டுபோய், அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"நேத்து வந்து சேந்துட்டு என் மனுவையே திருத்துறியா?"

"திருத்தலைங்க சார். படிச்சிக் காட்டினேன்."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். "மொண்ணக் கோடாலிய வச்சிக்கினு புளியமரத்த எவன்யா சாய்ப்பான்? புதுசா டைப் பண்ணும்மா."

கண்டக்டரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தவர் அதே குமாஸ்தாதான். ஜாமீன் கிடைத்தது.

அடுத்த சந்தை நாளில் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். "இவருக்கும் ஒருக்கா படிச்சிக் காட்டும்மா" என்றாள். ஆபீஸ் பிரதியை எடுத்துப் படித்தேன். அவர் கைகட்டி நின்று ஒவ்வொரு வரிக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார். ஒரே ஒரு ஆட்சேபம்: "அவ்ளோ மொண்ண இல்லீங்க."

பின்னாளில் நீதிபதிகளின் தீர்ப்புகளையே அடித்திருக்கிறேன். நான் அடித்த எதையும் அப்படி ஒருவர் நின்று கேட்டதில்லை.

அந்த ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. போராட்டத்துக்குத் தப்பிய புளியமரங்களைச் சாலையை அகலப்படுத்தும்போது எடுத்துவிட்டார்கள். அதற்காக யாரையும் கைது செய்ததாகத் தெரியவில்லை. இ-சேவைப் பெண் நீட்டிய தாளின் அடியில், 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று அச்சாகியிருந்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து சத்தமாகவே படித்தேன். நடுவில் "ஆமாங்க" என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை.