பொழுது சாய்ந்த வீட்டில்

பள்ளி ஆசிரியராக ஜவ்வாது மலைக்குப் போன அண்ணன் அங்கேயே ஒரு மலைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். நாங்கள் சமணர்கள். "கறி திங்கிற வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்று சொன்ன அப்பா, அதன் பிறகு அவன் பெயரை எடுக்கவே இல்லை. போன ஆடியில் அண்ணன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். சாவுக்கும் அப்பா வரவில்லை; நான் மட்டும் போய்விட்டு அன்றைக்கே திரும்பினேன்.

தை மாதத்தில் ஒரு காலை, வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "மலைக்குப் போலாமா?" என்றார் அப்பா. ஏன் என்று கேட்டால் மனசு மாறிவிடுவார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போளூரில் இறங்கியதும் பக்கத்திலிருக்கும் திருமலைச் சமணக் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். பாறையில் செதுக்கிய நேமிநாதர் முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மருமகள் முகத்தில் விழிக்கப் பயம்தான். ஆனால் அவர் அதை ஒத்துக்கொள்கிற ஆளா? மதிய பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும்போதே சூரியன் இறங்கிவிட்டது.

பொழுது சாய்ந்தால் மறுநாள் வெயில் வரும்வரை எங்களுக்குச் சாப்பாடு கிடையாது. நான் அந்த வழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டேன். அப்பா தண்ணீர்கூடத் தொட மாட்டார். முதன்முதலாக வாசல் மிதிக்கிற மாமனார், நீட்டிய சொம்பைத் தள்ளினால் அண்ணி என்ன நினைப்பாள்? உயிரோடு இருந்தவனையும் ஒதுக்கினார், இப்போது என்னையும் ஒதுக்குகிறார் என்றுதானே நினைப்பாள்?

அண்ணி வாசலுக்கே வந்து, "வாங்க மாமா" என்றாள். பாய் விரித்தாள். தண்ணீர் தரவில்லை. எனக்குச் சுருக்கென்றது. இவளும் பழி தீர்க்கிறாளா? சங்கடத்தை மறைக்க, நான் கொண்டுபோயிருந்த அதிரசத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"வேணாங்க, பொழுது போயிடுச்சில்ல? காலையில சாப்பிடுறேன். மாமாவுக்கும் அதான் தண்ணி குடுக்கல. தப்பா எடுத்துக்காதீங்க."

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "உனக்கு யாரும்மா சொன்னது?"

"அவருதாங்க. கல்யாணம் ஆன அன்னைக்கே கறியை நிறுத்திட்டோம். தெனம் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிடுவோம். கை கழுவிட்டு, 'எங்கப்பாவும் இந்நேரம் சாப்பிட்டிருப்பாரு'ன்னு சொல்வாரு. ஒரு நாள் கூட சொல்லாம இருந்ததில்ல. அவரு போனப்புறம் நானும் அப்படியே இருந்துட்டேன்."

அப்பா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அம்மா செத்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். அண்ணி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

விடியும்போது கண் விழித்தால் பக்கத்தில் அப்பாவைக் காணோம். எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்பில் சாமைச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா குளித்துவிட்டு, எதிரே காலித் தட்டை வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வெயில் வந்துடுச்சாம்மா?" என்று கேட்டார்.

அண்ணி வெளியே எட்டிப் பார்த்தாள். "இன்னும் இல்லைங்க மாமா."

கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் கேட்டார்.