வறுத்த கடுகு

என் கொலுவை என் நாத்தனார் குப்பை என்று சொன்ன நாளை நான் மறக்கவில்லை. மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொரு நவராத்திரிக்கும் பொம்மைகளோடு சேர்த்து அதையும் எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்கிறேன்.

கடலூரிலிருந்து கல்யாணமாகிச் சிதம்பரம் வந்தவள் நான். தெற்கு வீதிக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீடு. காசு கொடுத்து வாங்கிய பொம்மை என்று பார்த்தால் எட்டோ ஒன்பதோதான். மீதியெல்லாம் கைவேலை. அட்டைப்பெட்டிகளை அடுக்கி மேலே வெள்ளை வேட்டி விரித்தால் ஐந்து படி. வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஒட்டினால் தாமரை. பழைய வளையல்களில் கம்பளி நூல் சுற்றிக் கோத்தால் வாசலுக்குத் தோரணம். வெளியே புரட்டாசி மழை தூறிக்கொண்டிருக்கும். ஓதமேறிய அந்த அறைக்குள் ஒரு சரம் சீரியல் பல்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்காது.

அந்த வருஷம் பிச்சாவரம் சதுப்புக் காட்டைச் செய்தேன். பீரோவிலிருந்து கழன்ற கண்ணாடிதான் தண்ணீர். கொய்யாக் குச்சிகளைக் களிமண்ணில் நட்டு, தேங்காய் நாரைப் பிரித்துத் தொங்கவிட்டேன், சுரபுன்னை வேர் அச்சு அசலாக வந்தது. ஐஸ் குச்சியில் இரண்டு படகு. கரையெல்லாம் கடுகுப் புல். அமாவாசையன்று ஊறவைத்த கடுகைத் தட்டில் மண் பரப்பித் தெளித்து, ஈரத்துணி போட்டு மூடினால் மூன்றாம் நாள் முளை விடும். ஐந்தாம் நாள் பச்சைப் பசேலென்று நிற்கும். செலவு ஒரு கைப்பிடி கடுகு.

என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, கீழவீதியில் இருக்கிறார். பதினோரு படி, அத்தனையும் விலைக்கு வாங்கிய பொம்மை. வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர், பத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது என் பிச்சாவரத்தைக் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, குப்பை வண்டிக்காரன் வாரிக்கினு போவ மறந்துட்டானா?"

பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்மீதே எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மறுவருஷம் அவர் வீட்டுக் கொலுவில் ஒரு பிச்சாவரம் இருந்தது. கண்ணாடித் தண்ணீர், தேங்காய் நார் வேர், ஐஸ் குச்சிப் படகு. எல்லாம் என்னுடையது, அளவுதான் பெரிது. அந்த வட்டாரப் பெண்கள் சேர்ந்து நடத்திய கொலுப் போட்டியில் முதல் பரிசு. வெள்ளிக் குங்குமச்சிமிழைக் கையில் பிடித்துக்கொண்டு, "எல்லாம் என் மூளையில உதிச்சதுதான்" என்று அவர் சொல்லும் வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் சுற்றியது. என் கணவர்கூட அதற்குக் கைதட்டல் பொம்மை போட்டார். அவருக்கு அன்று இரவு ரசம் மட்டும்தான்.

மூன்றாம் வருஷம் நாத்தனார் போன் செய்தார். மகளுக்கு நெல்லிக்குப்பத்தில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். கரும்பு போடுகிற குடும்பம். நவராத்திரி வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது.

"அவுங்க ஊரையே கொலுவுல வெச்சிடலாம்னு இருக்கேன். கரும்பு வயலு, மாட்டு வண்டி, மில்லு. வயலுக்கு உன் கடுகுப் புல்லு வேணும். பையனோட அம்மா சகுனம் ரொம்ப ஜாஸ்தி பாக்குறவங்க, பச்சையா இருக்கணும். நீயே நல்ல வெதையா குடுத்துடு."

கொடுத்தேன். அரைப்படி கடுகை வாணலியில் போட்டு, சிறு தீயில் வறுத்து, வெடிக்கிற பக்குவத்துக்குச் சற்று முன்னால் இறக்கினேன். வாசனை போக இரண்டு நாள் மொட்டை மாடியில் உலர்த்தினேன். பார்ப்பதற்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பொட்டலம் கட்டும்போது என் மனசு அவ்வளவு குளிர்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் மொட்டை வயலை வைத்துக்கொண்டு அவர் முழிக்கப் போவதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

கொலுவின் ஐந்தாம் நாள் வேடிக்கை பார்க்கவே நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். மாட்டு வண்டி இருந்தது, மில் இருந்தது, வயல் வெறும் மண்ணாக இருந்தது. ஆனால் முழித்தது நாத்தனார் இல்லை.

"இவதான் தெளிச்சா. கல்யாணப் பொண்ணு கையால தெளிச்சா நல்லதுன்னு குடுத்தேன். ஒண்ணு மொளைக்கலியே" என்று வந்தவர்களிடமெல்லாம் மகளைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கைராசி இல்ல போலிருக்கு" என்றாள் ஒருத்தி.

"எது தொட்டாலும் அப்பிடித்தான். இதுக்கு முன்ன மூணு எடம் தட்டிப் போச்சே, சும்மாவா?"

பெற்ற தாய் சொல்கிறார். அந்தப் பெண் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்ப்பவள், முப்பதை நெருங்குகிறவள். தலையைக் குனிந்துகொண்டு தட்டில் சுண்டல் வைத்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையாக என் வீட்டுக்கு வந்து பத்திரிகைத் தாமரை வெட்டியவள். நான் எறிந்த கல் யார் தலையில் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

"அவ கைல ஒண்ணுமில்ல அண்ணி. கடுகை வறுத்துக் குடுத்தது நான்தான்" என்றேன். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. "என் பிச்சாவரத்தக் குப்பைன்னீங்க. அப்பறம் அதையே வெச்சுப் பரிசு வாங்குனீங்க. அதுக்குத்தான் வறுத்தேன்."

நாத்தனார் அழுவார், கத்துவார் என்று நினைத்தேன். அவர் பரிசு விஷயத்தைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"உன் ஊட்ல மொளைச்சிருக்குல்ல? அந்தத் தட்டுங்கள அனுப்பு. வெள்ளிக்கெழமை வந்து சுண்டல் வேலையப் பாரு. பண்ண பாவத்துக்கு அதாவது செய்."

இதுதான் என் நாத்தனார். மூன்றாம் முறையும் என்னுடையதையே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை தட்டுகளை வாங்க அவர் மகளே ஸ்கூட்டரில் வந்தாள். "கண்ணு, அத்தைய மன்னிச்சுடு" என்றேன். அவள் என் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து புல்லைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"வறுத்தது பத்தல அத்தை. பத்திருவது மொளைச்சு வந்துது. நான்தான் தெனம் காலையில கிள்ளிப் போட்டேன்."

நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"அந்தப் பையன் போன்ல பேசுனான். கல்யாணத்துக்கு அப்பறம் வேலைக்குப் போவக் கூடாதாம். வேணாம்னு அம்மாகிட்ட பத்து வாட்டி சொல்லிட்டேன், காதுலயே வாங்கல. வயலு மொட்டையா கெடந்தா அவுங்களே எழுந்து போயிடுவாங்கன்னு இருந்தேன். ராசி இல்லாதவன்னு சொன்னா சொல்லிக்கட்டும். இன்னாத்துக்கு அத்தை வாயத் தொறந்தீங்க?"

தட்டுகளைத் தூக்கி ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வருஷமாகக் கருவிக்கொண்டிருந்தது நான். சத்தமே போடாமல் காரியம் பார்த்தது அவள். அதையும் கெடுத்தது என் நல்ல மனசு. அந்த நல்ல மனசை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானமே சுண்டல் வேலைக்குப் போனேன். கூடத்தில் என் புல் கரும்பு வயலாக நிமிர்ந்து நின்றது. நாலரை மணிக்கு நாத்தனார் உள்ளே பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்தார். அவர் மகள் கண்ணாடி முன்னால் பூ வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். குக்கரைத் திறந்து கொண்டைக்கடலையை வடித்தேன். கொதிக்கக் கொதிக்க ஒரு சொம்புத் தண்ணீர் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். பாத்தி பாத்தியாக, ஒரு மூலையும் விடாமல், நிதானமாக ஊற்றினேன். நான் வளர்த்த புல். பிறகு போய்த் தேங்காய் துருவினேன்.

அவர்கள் ஐந்து மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்தார். மாட்டு வண்டியைப் பார்த்துச் சிரித்தவர் வயலைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். அவ்வளவும் வெந்து வதங்கி, மண்ணோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தது. சுண்டலைத் தொடாமல், "ஊருக்குப் போயி போன் பண்றோம்" என்று எழுந்துகொண்டார். அந்தப் போன் வரவேயில்லை.

நாத்தனார் அதன்பிறகு என் வீட்டுப் படி ஏறவில்லை. விசாரிப்பவர்களிடம் நான் வருத்தமாகத் தலையை ஆட்டிவைப்பேன்.

அவர் மகள் மட்டும் அடுத்த புரட்டாசி அமாவாசைக்கு, வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். கடுகை நான் ஊறவைத்திருந்தேன். தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "நீ தெளி" என்றேன். இரண்டாம் நாளே முளை விட்டுவிட்டது.