அறுநூற்றுப் பதினாறு

"அவ வாயத் தொறக்கவே இல்ல சார், நான் சொல்றத..."

"பின்ன 'தப்பு'ன்னு சொன்னது யாரு? என் பாட்டியா? இந்தாம்மா, ஒன் பொண்ணுக்குக் கணக்கு..."

"வராதா? வராதுன்னு சொல்லத்தான் ஒங்ககிட்ட அனுப்புனேனா?"

"வராது. திமிருதான் வரும். கூட்டிக்கிட்டுப் போ."

இது நடந்தது. இரண்டாயிரத்து ஏழில், பொதுத் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, காரைக்கால் பக்கம் நெரவியில், என் வீட்டு முன்ஹாலில். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அவர்களிடம் போய்க் கெஞ்சுகிற வயது எனக்கில்லை.

அந்த ஹாலை வாடகைக்கு எடுத்துத்தான் திருஞானசம்பந்தம் டியூஷன் நடத்தினார். 'கணக்கு ஆசிரியர்' என்று வாசலில் போர்டு. அவருக்குக் கணக்குத் தெரியாது. கைடு தெரியும். பத்தாம் வகுப்புக் கணக்குகளைப் பிள்ளைகள் செய்யுள் மாதிரிக் கோரஸாக ஒப்பிக்க வேண்டும். 'ஏன் சார்?' என்று யாராவது கேட்டால் முட்டியில் ஸ்கேல். நான் சமையலறையில் இருப்பேன். எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. யார் குரல், எங்கிருந்து வருகிறது என்று என் காது சொல்லிவிடும்.

வினோதினி, மீன் விற்கும் நீலாயதாட்சியின் மகள். அரைப் பரீட்சையில் கணக்கில் ஃபெயில். பொதுத் தேர்விலும் போனால் தாய்மாமனுக்குக் கட்டிவைப்பதென்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அவள் வந்து உட்கார்ந்ததும் வாத்தியார் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார். அவர் வீட்டில் மட்டும் மீன் பன்னீரில் நீந்தி வரும் போலிருக்கிறது.

சண்டைக்குக் காரணம் ஒரு கூம்பு. ஆரம் ஏழு, உயரம் பன்னிரண்டு, கன அளவு என்ன? அன்று ஞாயிறு காலை. பிள்ளைகள் ராகம் போட்டு முடித்தார்கள்: "அறுநூற்று அறுபத்தொன்று கன சென்டிமீட்டர்!"

உடனே ஒரு பெண் குரல்.

"தப்பு சார். அறுநூத்திப் பதினாறு."

கைடு அச்சடித்தவன் இரண்டு இலக்கத்தை இடம் மாற்றிவிட்டான். பெருக்கிப் பார்த்தால் பதினாறுதான் வரும். வாத்தியார் பெருக்கிப் பார்த்தால்தானே!

எனக்கு உறுத்தியது வேறு. குரல் ஹாலுக்குள்ளிருந்து வரவில்லை... வாசலில், செருப்பு விடுகிற இடத்திலிருந்து வந்தது.

பேசியது வினோதினிதான் என்று வாத்தியார் அவள் அம்மாவை வரவழைத்துக் கத்தினபோது, நடுவில் போய் அதையும் சொன்னேன்.

"நீங்க அடுப்பப் பாருங்கம்மா," என்றார்.

அடுத்த ஞாயிறு. விரட்டப்பட்ட மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நீலாயதாட்சி உள்ளே வந்தாள். நடு ஹாலில் உட்கார்ந்தாள்.

"ஒங்க பாட்ட ஆரம்பிங்க சார். இவ வாய நான் பொத்திக்கிறேன். சத்தம் வந்துச்சுன்னா நானே கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்."

உள்ளங்கையால் மகள் வாயை இறுக்கிப் பொத்தினாள். இந்த முறை நானும் எட்டிப் பார்த்தேன்.

மணி ஒன்பது இருக்கும். கோரஸ் எழுந்தது. ஆரம் ஏழு... உயரம் பன்னிரண்டு...

வாசலில் வெயில். செருப்புகள். ஆள் இல்லை.

"அறுநூற்று அறுபத்தொன்று கன..."

"தப்பு சார்."

கோரஸ் நின்றது.

அம்மாவின் கை மகள் வாயிலேயே இருந்தது.

"நூறு தடவ போட்டுப் பாத்துட்டேன் சார்..."

வாசலில்தான். ஆள் இல்லை.

"...பதினாறுதான் வருது."

வாத்தியார் என் சமையலறை வழியாக ஓடினார். கொல்லைப்பக்கம். செருப்புக்கூட இல்லாமல். ஸ்கூட்டரை மறுநாள் யாரோ ஓர் ஆள் வந்து தள்ளிக்கொண்டு போனான். மற்ற பெற்றோர்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். ஓடினவரை விட்டுவிட்டு என் வீட்டுக்குக் கழிப்புக் கழிக்கிறார்களாம்!

அடுத்த வீட்டு மஹ்பூபாதான் விஷயத்தைச் சொன்னாள். அவள் மகள் முன்பு காரைக்காலில் அவரிடம் படித்தவள்.

"சுனாமி வந்துச்சே, அந்த ஞாயித்துக்கெழமையும் டியூஷன் வச்சாரு அக்கா. கீர்த்திகான்னு ஒரு குப்பத்துப் புள்ள, ஏதோ கணக்குல வெட தப்புன்னு சொல்லிருக்கு. 'வீட்டுக்குப் போ. நான் சொன்னதே சரின்னு நூறு தடவ எழுதிட்டு வா'ன்னு வெளியில தள்ளிட்டாரு. அழுதுகிட்டே கடக்கரைக்குப் போச்சாம்."

"எப்ப?"

"அலை வர்றதுக்கு அரை மணி முன்னாடி. உள்ள இருந்த புள்ளைங்க எல்லாம் பொழச்சிடுச்சுங்க அக்கா."

அந்தப் பெயரை வினோதினியின் காதில் போடக் கூடாதென்று மஹ்பூபாவிடம் சத்தியம் வாங்கினேன். நானும் மூச்சுவிடவில்லை. தேர்வை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பயமுறுத்துவானேன்.

அடுத்த ஞாயிறு காலை அவளே வந்தாள்.

"பெரியம்மா, ஹால்ல ஒக்காந்து தனியாப் படிச்சிக்கட்டுமா?"

"படி," என்றேன்.

சமையலறையில் இருந்தேன். ஹாலில் ராகம் இல்லை. மெதுவாகக் கணக்குப் போடும் குரல். நடுநடுவே நிறுத்தினாள்... யாரோ சொல்வதைக் கேட்கிறவள் மாதிரி.

பிறகு சிரித்தாள்.

"ஓ... ஒரு உருளைக்கு மூணு கூம்பா! அதுக்குத்தான் மூணால வகுக்குறதா?"

அடுப்பை அணைத்தேன்.

காதைத் தீட்டினேன். அவள் குரல் இப்போது வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"கீர்த்திகா அக்கா... வெயில்ல ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க."